சல்லடை வீட்டில் திடீர் சோதனை

அவர் ஏறினால் பேருந்தில் முதலில் குறைவது பேச்சு. அதற்கப்புறம்தான் கைகள் சட்டைப்பைகளுக்குப் போகும். முன்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்வாசலில் ஏறுவார். நிறுத்தத்தில் இருப்பார் என்று நினைத்தால் சிக்னலில் தொற்றிக்கொள்வார். டிக்கெட் பரிசோதகர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடத்துநர்கள் வைத்த பெயர் ‘சல்லடை’. பணிமனைப் பலகையில் எழுதி மாட்டாத குறைதான்.

சல்லடைக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. டிக்கெட்டைக் கேட்டதும், எடுத்தவன் தேடுவான். பையைத் துழாவுவான், பர்ஸைப் பிரிப்பான், வாயில் கவ்விக்கொண்டிருப்பதையே மறந்துவிட்டுத் தரையில் குனிந்து பார்ப்பான். எடுக்காதவன் தேடவே மாட்டான். அவனிடம் கதை தயாராக இருக்கும். “கண்டக்டர் இன்னும் இந்தப் பக்கம் வரலையே சார்” என்று, சூடு ஆறாமல் எடுத்து நீட்டுவான். தடுமாறுகிறவனை நம்பலாம், தயாராக இருப்பவனை நம்பக் கூடாது. இத்தனை வருடப் பரிசோதனையில் அவர் கண்ட முடிவு இது.

சொந்தம், பந்தம் என்று விட்டுவிடுகிற ஆளும் இல்லை. மனைவியின் தம்பி ஒருநாள் டிக்கெட் இல்லாமல் அகப்பட்டான்.

“மாமா, உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்.”

“வா. மாமனும் மச்சானும் வீட்டுல. இங்க அபராதம் கட்டு.”

கட்டினான். கட்டிய ரசீதை அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் காட்டிவிட்டு, சாப்பிடாமலே போனான். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: “அவர்கிட்ட சொல்லாதே, எழுதிடுவாரு.”

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. மழைக்காலத் தொடக்கத்தில் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, கொடியில் துணியை மாட்டிய மாதிரி இருந்தாள். நன்றாகத் தேறும்வரை பள்ளிக்கூடம் கூடாது என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஒரு வழி சொன்னார்கள். அன்றாடப் பாடத்தைப் போனில் அனுப்புவோம், வீட்டிலிருந்தே எழுதிப் படம்பிடித்து அனுப்ப வேண்டும், விடாமல் அனுப்பினால் வகுப்போடு சேர்த்துக் கூட்டிப்போவோம், விட்டால் அடுத்த வருஷம் மறுபடி இதே வகுப்பு.

சல்லடை அதைக் கேட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னார்.

“முடிஞ்சா எழுது. முடியலைன்னா சொல்லிடு. ஒரு வருஷம் போனாப் போகுது. நானே ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்துடுறேன்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய சிநேகிதிகளெல்லாம் பத்தாம் வகுப்புக்குப் போக, கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு தான் மட்டும் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் காட்சி அந்தச் சுவரில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுவாரமே அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் சல்லடைக்கு மூக்கு வேர்த்தது.

எழுந்து பல் விளக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், வரலாறு, அறிவியல் என்று அன்றன்றைக்கு முடித்து அனுப்புகிறாள். ஒருநாள்கூட பாக்கியில்லை. வகுப்பாசிரியை ‘மிக நன்று’ என்று பதில் போடுகிறார். எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமலா இருக்கும்?

வேலை முடிந்து வந்ததும், சீருடையைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு என்ன பாடம்?”

“ம்ம்… இருங்கப்பா… என்னமோ… ஆங், நீர்ச்சுழற்சி.”

“அப்படின்னா?”

“அது வந்து… வெயில்ல… இருங்க… கடல் தண்ணி ஆவியாகி மேல போகும்ல.”

தேடுகிறாள், துழாவுகிறாள், பிறகு சரியாக எடுத்து நீட்டுகிறாள். சித்தாந்தப்படி பார்த்தால் டிக்கெட் எடுத்தவள். சல்லடை சமாதானமாகி, கைகால் கழுவப் போய்விடுவார். அப்பாவிடம் சட்டென்று பதில் சொன்னால் மேற்கொண்டு பத்துக் கேள்வி வரும் என்பதைப் பேசத் தெரிந்த வயதிலேயே மகள் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் மனைவிகூட, “உப்பு இருக்கா?” என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டுத்தான் “இருக்கு” என்பாள்.

ஆனால் மற்றச் சாமான்கள் பொய் சொல்லத் தெரியாமல் காட்டிக்கொடுத்தன. மகளின் அறை ஜன்னலில் எந்நேரமும் திரை இழுத்துவிட்டிருந்தது. இருட்டில் உட்கார்ந்து யார் படிப்பார்கள்? பாடப்புத்தகம் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், ஜன்னல் திட்டின்மேல் கிடந்தது. பேனா அதற்கும் அந்தப் பக்கம். சில நாள் அவர் கதவைத் தட்டும்போது உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு பட்டென்று நிற்கும். திறந்து பார்த்தால் மகள் மட்டும், கண்ணை மூடியபடி.

யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள். யார்?

முதல் சந்தேகம் பக்கத்துத் தெருவில் இருக்கும் வகுப்புத் தோழி மேல். ஒல்லிக்குச்சி, கண்ணாடி போட்டவள், அவருடைய தடத்தில்தான் பள்ளிக்கூடம் போகிறவள். காலை நெரிசலில் அவளைக் கம்பிக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

“பாஸ் இதோ அங்கிள்.”

“பாஸைக் கேக்கலை. நீ எம் பொண்ணுக்கு என்ன அனுப்புற?”

“போர்டுல எழுதினதைப் போட்டோ எடுத்து அனுப்புவேன் அங்கிள்.”

“பதிலும் அனுப்புவியோ?”

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “என் பதிலை அனுப்பினா அவ ஃபெயிலாயிடுவா அங்கிள். போன பரீட்சையில அவளைப் பார்த்துத்தான் நானே எழுதினேன்.”

பக்கத்தில் நின்ற நடத்துநர் சிரிப்பை விசிலாக ஊதினார். “சார், இந்தப் பொண்ணு தானே வந்து ஆஜராகிட்டுது. எழுதிக்கவா?”

“உன் வேலையைப் பாருய்யா.”

தோழி இல்லை. அப்படியானால் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஆள். அவரும் மனைவியும் வீட்டில் இல்லாத மதியத்தில் வந்து போகிற ஆள். அவருக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. பதினாலு வயசுப் பெண், இழுத்துவிட்ட திரை, தட்டினால் நிற்கிற பேச்சு என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். மனைவியிடம் கேட்கலாமென்றால் அவள் காலையிலிருந்து மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்கென்ன தெரியும்?

மறுநாள் மதியம், வீட்டுத் தெரு முனையைப் பேருந்து கடக்கும்போது விசிலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டார்.

“எங்க சார்?” என்றார் நடத்துநர்.

“செக்கிங்.”

“தெருவுக்குள்ள பஸ்ஸே போகாதே.”

சல்லடை தெருவுக்குள் நடந்தார். குடியிருப்பின் படிகளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். மாடிக் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி, சீருடையில் செருப்பும் கையுமாக வரும் மனிதரைப் பார்த்து வாளியை நகர்த்தி வழிவிட்டாள். அவர் தன் வீட்டுக் கதவில் காது வைத்தார்.

உள்ளே ஒரு குரல், ஏற்ற இறக்கமில்லாமல், பில் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தது: “…தொழிற்சாலைகள் பெருகியதால் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர், முற்றுப்புள்ளி. இதனால் ஏற்பட்ட விளைவுகள் யாவை, கேள்விக்குறி.”

“முற்றுப்புள்ளியெல்லாம் படிக்காதேம்மா.”

“இருக்கிறதைத்தானே படிக்க முடியும்? விளைவு சொல்லு, எழுதிக்கிறேன். சீக்கிரம், சாப்பாட்டு நேரம் முடியப் போகுது.”

மகள் சொல்லத் தொடங்கினாள். தேடலில்லை, துழாவலில்லை, ‘ம்ம்’ இல்லை, ‘அது வந்து’ இல்லை. வீடுகள் பற்றாமல் போனதைச் சொன்னாள், குழந்தைகள் வேலைக்குப் போனதைச் சொன்னாள், சாக்கடையும் நோயும் பெருகியதைச் சொன்னாள். குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது. அந்தக் குரலில் அவள் பேசி அவர் கேட்டதேயில்லை.

சாவியைப் போட்டுத் திறந்தார்.

மகள் மல்லாந்து படுத்திருந்தாள். கண்களின் மேல் ஈரத்துணி. பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடை மேலங்கியோடு மனைவி. ஒரு தொடையில் புத்தகம், மறு தொடையில் தாள்.

“என்ன நடக்குது இங்க?”

இரண்டு பேரும் வழக்கம்போல யோசிக்கும் பாவனையில் இழுக்கப் பார்த்தார்கள். மனைவிதான் முதலில் முடிச்சை அவிழ்த்தாள்.

“அவளுக்குப் படிக்க முடியலைங்க. பத்து வரி பார்த்தா எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். வெளிச்சம் பட்டாலே தலை தெறிக்குதாம். நான் வாசிக்கிறேன், அவ சொல்றா, நான் எழுதுறேன். மத்த நேரத்துல அவளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்குவா.”

“எவ்வளவு நாளா?”

“ஆரம்பத்துல இருந்தே.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

மகள் துணியை எடுக்காமலே சொன்னாள். “சொன்னா எழுதிக் குடுத்துடுவீங்கப்பா.”

பேருந்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவரைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. இதற்கு நாற்காலியைத் தேடினார். அதில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“இது ஏமாத்து வேலை” என்றார் கடைசியில், நின்றபடியே. “அவ எழுதினதா நினைச்சு அங்க மார்க் போடுறாங்க.”

“பதில் அவளோடது. கைதான் என்னோடது.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கணும். கண்ணுக்கு என்னமோ ஆகியிருந்தா? மருந்துக்கடையில இருக்கிற, உனக்குத் தெரிய வேண்டாமா?”

அதற்கு மட்டும் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சல்லடை போனை எடுத்தார்.

“யாருக்கு?”

“முதல்ல டாக்டருக்கு. அப்புறம் டீச்சருக்கு.”

“போடுங்க” என்றாள் மனைவி, தாளை மடித்தபடி. “பெத்த பொண்ணையும் பிடிச்சாச்சுன்னு பணிமனையில போய்ச் சொல்லிக்கலாம்.”

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். விளக்கடித்துப் பார்த்தார், விரலை ஆட்டிப் பார்த்தார். காய்ச்சல் விட்டுப்போன அசதி, கண் தசை இன்னும் தேறவில்லை, பயமில்லை, படிக்கவும் எழுதவும் கொஞ்ச காலம் கூடாது, காதால் கேட்பதில் தப்பில்லை என்றார். மறைத்ததற்கு மனைவிக்கு ஒரு முறைப்பு. “வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று சல்லடைக்கு ஒரு முறைப்பு.

வகுப்பாசிரியை முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“நானும் பார்த்தேன் சார். உங்க பொண்ணு எழுத்து எப்பவும் கோழி கிளறின மாதிரி இருக்கும். காய்ச்சல் வந்ததும் அச்சுல வார்த்த மாதிரி ஆயிடுச்சு. காய்ச்சல்ல கையெழுத்து தேறின முதல் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“தப்புதான் டீச்சர். ஆனா பதிலெல்லாம் அவளோடது. என் காதால கேட்டேன்.”

“எல்லா அப்பாவும் அப்படித்தான் சார் சொல்வாங்க.”

அந்த வாக்கியத்தின் தொனி அவருக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அது அவருடைய தொனியேதான்.

மறுநாள் மதியம் வீடியோ அழைப்பில் வாய்மொழியாகவே கேள்வி கேட்பதென்று முடிவானது. சரியாகச் சொன்னால் இதுவரை எழுதியதை ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ரத்து, வருஷமும் அதோடு போச்சு. மகளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை என்பது காலையில் அவள் முகத்திலேயே தெரிந்தது. மனைவி கடையில் அரைநாள் விடுப்புச் சொன்னாள். சல்லடையும் சொன்னார். பணிமனையில் யாரும் நம்பவில்லை.

அழைப்பு வந்தது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள்.

“தொழிற்சாலைகள் பெருகினதால நகரங்களுக்கு என்ன ஆச்சு?” என்றார் ஆசிரியை.

நேற்று குழாய்போல் கொட்டிய பதில். சல்லடை நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

“ம்ம்…” என்றாள் மகள். “இருங்க டீச்சர்… அது வந்து…”

கண்ணை உருட்டினாள், கூரையைப் பார்த்தாள், அப்புறம் சரியாகச் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் அதே துழாவல். அதற்கடுத்ததற்கும்.

“நிறுத்து” என்றார் ஆசிரியை. “பக்கத்துல யாரு?”

“அப்பா, அம்மா.”

“நான் கேட்டதும் ஒரு இடைவெளி விடுற. அப்புறம் பதில் சரியா வருது. யாரு எடுத்துக் குடுக்கிறாங்க?”

“யாரும் இல்ல டீச்சர்.”

“சார், போனைச் சுத்திக் காட்டுங்க. சுவர்ல ஏதாவது ஒட்டியிருக்கா? கட்டிலுக்குக் கீழ? அந்த அலமாரிக் கதவைத் திறங்க.”

சல்லடை தன் வீட்டு அலமாரியைத் திறந்து, மடித்துவைத்த போர்வைகளைப் போனுக்குக் காட்டினார். வேறு யாராவது அவரிடம் இப்படிக் கேட்டிருந்தால் நடந்திருப்பது வேறு. இப்போது அவர் நினைப்பெல்லாம் அந்த ‘இருங்க’ என்ற சொல்லிலேயே இருந்தது. தேடுகிறாள். எல்லாம் கையிலிருந்தும் தேடுகிறாள். பெரியவர்கள் கேள்வி கேட்டால் முதலில் தேட வேண்டும் என்று இந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

குனிந்து அவள் காதில், “தேடாதேம்மா, சட்டுனு சொல்லு” என்றால் போதும். ஆனால் குனிந்தால் போனில் தெரியும். அப்பா காதில் ஓதினார் என்று ஆகிவிடும். கண் ஜாடை காட்டினாலும் அதே கதி. அகப்பட்டவர்கள் விழிப்பதைப் போல விழித்தார் சல்லடை.

வேறு வழியில்லாமல் போனைப் பார்த்தே பேசினார். “டீச்சர்… அது வந்து… தப்பு என் மேல.”

“என்ன சொல்றீங்க?”

“நான் செக்கிங்ல இருக்கேன். வீட்லயும் அப்படியே… சட்டுனு பதில் சொன்னா சந்தேகப்படுவேன். தடுமாறினா நம்புவேன். அதுக்காகவே இவ… தேடுற மாதிரி… எனக்காகப் பழகிக்கிட்டா. இருக்கிறதை வெச்சுக்கிட்டே தேடுறா.”

சொல்லும்போதே, எவனாவது பேருந்தில் இப்படி ஒரு கதை சொன்னால் தான் என்ன செய்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் திணறினார். மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அப்போது பார்க்க நேரமில்லை.

போனில் ஆசிரியை யோசிப்பது தெரிந்தது. “ரெண்டு பேரும் வெளிய போங்க சார்” என்றார். “போனை அலமாரி மேல வைங்க. கட்டிலும் கதவும் எனக்கு ஒண்ணாத் தெரியணும். நான் சொல்ற வரைக்கும் உள்ள வரக் கூடாது.”

வைத்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, போனுக்கும் கேட்கும்படி, பேருந்தின் கடைசி இருக்கைக்கு எட்டுகிற குரலில் சொன்னார்.

“அம்மாடி, இது அப்பா இல்ல. டீச்சர். தெரிஞ்சதைத் தெரிஞ்ச வேகத்துல சொல்லு.”

படிக்கட்டில் நின்றார்கள். குழாயடியில் யாருமில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சல்லடையின் தலை தானாகவே கதவுப் பக்கம் சாய்ந்தது.

“காதை எடுங்க” என்றாள் மனைவி.

எடுத்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பது எப்படி என்று தெரியாதவரைப்போல் நின்றார். சீருடைப் பித்தானைத் திருகினார். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தவர், “என்ன, உள்ள விடலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“உனக்கு என்ன தோணுது?” என்றார் மனைவியிடம்.

“சொல்லிடுவா.”

“எப்படித் தெரியும்?”

மனைவி இந்தத் தடவை யோசிப்பதுபோல் நிற்கவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள்.

கதவு திறந்தது. மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போய், நெற்றியில் வியர்வையோடு.

“வகுப்போடயே போகலாமாம். கணக்கு மட்டும் அவங்க ஒத்துக்கலை. கண்ணு சரியானதும் பள்ளிக்கூடத்துல உக்கார்ந்து எழுதணுமாம். கணக்குல ரெண்டு தப்புப் பண்ணேன்.”

‘நிஜமாகவே அப்படிச் சொன்னாரா?’ என்ற கேள்வி சல்லடையின் தொண்டைவரை வந்தது. மகளுக்கு அது தெரிந்தது. போனை நீட்டினாள்.

“லைன்லதான் இருக்காங்க.”

வாங்கினார். “டீச்சர்” என்றார். “நாளைக்கு என்ன பாடம்?”

“நிலக்கரி, நீராவி. ஏன் சார்?”

“இவங்கம்மாவுக்குக் கடையில சாப்பாட்டு நேரம் பத்தலை. நான் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிறேன். மதியத்துல நான் வாசிக்கிறேன்.”

“வாசிக்க மட்டும்தான். விளக்கம் சொல்லக் கூடாது. அவ சொல்றதை அப்படியே எழுதணும். எழுதினது யாருன்னு தாள்லயே போடணும்.”

“சரிங்க டீச்சர்.”

“நடுவுல எப்ப வேணும்னாலும் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க.”

சொன்னபடியே கூப்பிட்டார், மறுநாளே, பாடத்தின் நடுவில். சல்லடை மடியில் புத்தகத்தோடு, இழுத்துவிட்ட திரையின் விளிம்பில் வருகிற வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். போனை எடுத்து அறையைச் சுற்றிக் காட்டினார். ஆசிரியை, “ஒண்ணுமில்ல சார், சும்மாதான்” என்று வைத்துவிட்டார். சல்லடை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விட்ட வரியைப் பக்கத்தில் மேலும் கீழுமாகத் தேடினார்.

“‘நீராவி விரிவடையும்போது’ன்னு நிறுத்தினீங்க” என்றாள் மகள், கண்மூடியபடியே.